கம்பெனி செலவில் மேல்படிப்பு: பாண்டில் கையெழுத்துப் போடும் முன்னும் பின்னும்

டிப்ளமோ முடித்த கையோடு குடிகாடு சிப்காட்டிலோ, சேதராப்பட்டிலோ, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ முதல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். ஒரு வருடம் போனதும் எச்.ஆர். கூப்பிட்டு, "உன்னை பி.இ. படிக்க வைக்கிறோம். ஃபீஸ் கம்பெனி பொறுப்பு. முடிச்சிட்டு மூணு வருஷம் இங்கயே இருக்கணும், அவ்வளவுதான்" என்கிறார். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்துப் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இதே மாதிரி ஒரு பேச்சு வருகிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டு நாளில் முத்திரைத்தாளில் பாண்டு வந்துவிடுகிறது: இத்தனை காலம் இங்கேயே வேலை பார்ப்பேன், இடையில் விலகினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இது நல்ல வாய்ப்புதான். கல்விக் கடன் இல்லாமல், சம்பளமும் நிற்காமல் ஒரு பட்டம் வாங்குவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு லேசில் கிடைப்பதில்லை. ஆனால் கம்பெனி உங்களிடம் என்னென்ன எழுதி வாங்குகிறதோ, அதற்கு ஈடாக நீங்களும் கம்பெனியிடம் எழுதி வாங்க வேண்டும். "நம்ம கம்பெனி, நம்ம குடும்பம்" என்று வாயால் சொன்னது, சொன்னவர் வேறு வேலைக்குப் போனதும் அவரோடு போய்விடும்.

முதல் படி: எந்த வகைத் திட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றுக்கும் "ட்ரெயினிங்" என்றே சொல்வார்கள். உள்ளே நாலு வகை இருக்கிறது.

அப்ரண்டிஸ் பயிற்சி 1961-ஆம் ஆண்டு பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. அதில் நீங்கள் ஊழியர் இல்லை, பயிற்சியாளர். ஸ்டைபண்ட் வரும். பயிற்சி முடிந்ததும் கம்பெனி வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றோ, நீங்கள் அங்கேயே வேலை பார்த்தே ஆக வேண்டும் என்றோ சட்டம் சொல்வதில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் மட்டும் அது இரண்டு பக்கத்தையும் கட்டும். ஆகவே "அப்ரண்டிஸ் முடிச்சா பர்மனென்ட்" என்று யாராவது சொன்னால், அந்த வரி ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது, வேலைக்குச் சேர்ந்ததும் கொடுக்கும் உள் பயிற்சி. மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் கம்பெனி எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அதற்கு லட்சக்கணக்கில் பாண்டு கேட்டால் யோசிக்க வேண்டும். மூன்றாவது, கம்பெனியே கல்லூரிக்கு நேராக ஃபீஸ் கட்டுவது. நான்காவது, நீங்கள் கட்டிவிட்டு ரசீது கொடுத்துத் திரும்ப வாங்குவது. கடைசி வகையில், தேர்ச்சி பெற்றால்தான் பணம் வருமா, எத்தனை நாளில் வரும் என்று தெரியாமல் சேர வேண்டாம். முதல் செமஸ்டருக்கு வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, அடுத்த செமஸ்டர் வரைக்கும் பணம் வராமல் வட்டி கட்டிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு.

இரண்டாம் படி: படிப்பு செல்லுபடியாகுமா என்று பாருங்கள்

பணம் கம்பெனியுடையது என்றாலும் வருடங்கள் உங்களுடையவை. பொறியியல் பட்டத்தைத் தொலைதூரக் கல்வியில் படிக்காதீர்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் தொலைதூரத்தில் நடத்திய பொறியியல் படிப்புகளை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எடுத்துப் பார்த்தது; 2001-05 கல்வியாண்டுகளுக்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. அதை வைத்துப் பதவி உயர்வு வாங்கியவர்களுக்கும் சிக்கல் வந்தது.

வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்களுக்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. 2023-24 கல்வியாண்டிலிருந்து, வேலையில் இருப்பவர்களுக்கென்று வசதியான நேரத்தில் பி.இ., பி.டெக். வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) அனுமதி கொடுக்கிறது. குறைந்தது ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும். வேலை செய்யும் இடம் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கம்பெனி காட்டும் கல்லூரியின் பெயர் அந்த அனுமதிப் பட்டியலில், நீங்கள் சேரும் அதே வருடத்துக்கு, அதே பிரிவுக்கு இருக்கிறதா என்று ஏ.ஐ.சி.டி.இ. தளத்தில் பாருங்கள்.

எம்.பி.ஏ., எம்.காம். மாதிரிப் படிப்புகளைத் தொலைதூரத்தில் படிப்பதாக இருந்தால் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகம் எவ்வளவு பழையது, எவ்வளவு பெரியது என்பது இங்கே கணக்கில்லை. அந்தப் பருவத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நர்சிங்கில் ஜி.என்.எம். முடித்தவர்களுக்குப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 வருடம். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஷிஃப்டும் தேர்வும்

ஏ, பி, சி என்று ஷிஃப்ட் மாறும் இடத்தில் வாரம் முழுக்கச் சாயங்கால வகுப்பு எப்படி நடக்கும்? படிக்கும் காலம் முழுவதும் ஜெனரல் ஷிஃப்ட் தருவார்களா, வகுப்புள்ள நாளில் ஓவர்டைம் போடச் சொல்ல மாட்டார்களா என்று சூப்பர்வைசரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். எச்.ஆர். தலையாட்டினாலும் ஷிஃப்ட் போடுவது சூப்பர்வைசர்தான். கடலூரில் குடியிருந்து புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டு, சிதம்பரம் பக்கம் வகுப்புக்குப் போவது என்றால் பஸ் நேரத்தைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

தேர்வு விடுப்பை "நவம்பர் 20 முதல் 30 வரை" என்று தேதி போட்டு எழுதாமல், "பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணைப்படி" என்று எழுதச் சொல்லுங்கள். நம் பக்கம் நவம்பர், டிசம்பர் புயல் காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம்தான் கரையேறியது. அந்த மாதிரி நேரத்தில் தேர்வு தள்ளிப்போகும். ஏற்கெனவே கொடுத்த விடுப்பு முடிந்துபோய், தேர்வு நாளில் டூட்டி இருக்கும்.

நான்காம் படி: பாண்டை வரி வரியாகப் படியுங்கள்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். "இப்பவே போட்டுக் குடுங்க, ஃபைல் மேல போகணும்" என்பார்கள். "சார், வீட்டில் காட்டிவிட்டு நாளை மறுநாள் தருகிறேன்" என்று சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாண்டு ஆங்கிலத்தில்தான் இருக்கும். புரியாத வரியைத் தெரிந்தவரிடம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் காலம். மூன்று வருடம் என்றால் எப்போதிலிருந்து மூன்று வருடம்? கையெழுத்துப் போட்ட நாளா, படிப்பு முடிந்த நாளா, சான்றிதழ் கைக்கு வந்த நாளா? மூன்று வருடப் படிப்பு முடிந்து, அதன் பிறகு மூன்று வருடம் என்றால் மொத்தம் ஆறு வருடம். சான்றிதழ் வந்த நாள் என்று போட்டிருந்தால் பல்கலைக்கழகத்தின் தாமதமும் உங்கள் தலையில் ஏறும். "கடைசித் தேர்வு எழுதிய நாள்" என்று மாற்றச் சொல்லுங்கள். விடுப்பு எடுத்த நாள்களைப் பாண்டு காலத்தில் கூட்டுவோம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். மகப்பேறு விடுப்பையும் அதில் சேர்த்துவிடக் கூடாது.

அப்புறம் தொகை. இதுதான் உயிர்நாடி. கம்பெனி செலவு செய்வது 1,20,000 ரூபாய், பாண்டுத் தொகை 5 லட்சம் என்றால் அந்த வித்தியாசம் எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தொகை மாதாமாதம் குறைய வேண்டும். 1,20,000 ரூபாய்க்கு 24 மாத பாண்டு என்றால் ஒவ்வொரு மாதம் வேலை பார்க்கும்போதும் 5,000 ரூபாய் கழிகிறது. 15 மாதம் முடித்துவிட்டுப் போனால் பாக்கி 45,000. இந்தக் கணக்கு இல்லாத பாண்டில், கடைசி மாதம் போனாலும் முழுத் தொகையும் கேட்பார்கள்.

இப்படிக் கேட்பது நியாயம்தானா என்று தயங்க வேண்டாம். டெல்லியில் சிக்பா இந்தியா என்ற கம்பெனி தொடுத்த வழக்கில் பாண்டுத் தொகை 2 லட்சம், காலம் மூன்று வருடம். ஊழியர் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விலகினார். பயிற்சிக்குக் கம்பெனி உண்மையில் செலவழித்ததாகக் கணக்கில் வந்தது 67,595 ரூபாய். நீதிமன்றம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 22,532 ரூபாய்தான் கொடுக்கச் சொன்னது. 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: ஒப்பந்தத்தில் போட்ட தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

ஆனால் "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிக்காது" என்று டீக்கடையில் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் விலகியவர் ஒரு சீனியர் மேனேஜர். அவர் நிலைக்கு அந்தத் தொகை அதிகமில்லை என்றும் நீதிமன்றம் பார்த்தது. ஆகவே நியாயமான காலம், நியாயமான தொகை போட்ட பாண்டு நிற்கும் என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

அடுத்து, எந்த ஊர் நீதிமன்றம் என்ற வரி. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். தலைமை அலுவலகம் மும்பையில் என்றால் "வழக்கு மும்பையில் மட்டும்" என்று போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட வரி வேலை ஒப்பந்தத்திலும் செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் சொல்லிவிட்டது. கடலூரிலிருந்து மும்பைக்கு வாய்தாவுக்கு அலைய நம்மால் முடியுமா? கடலூர் அல்லது புதுச்சேரி என்று மாற்றித் தரும்படி கேளுங்கள்.

இன்னொன்று, வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை. வேலையில் இருக்கும் காலத்துக்கு அது சரி. விலகிய பிறகும் தொடரும் என்றால் ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவுப்படி செல்லாது. தொழில் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது வேறு விஷயம். அதை மதிக்கத்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: கம்பெனியின் வாக்கை எழுதி வாங்குங்கள்

பெரும்பாலான பாண்டுகளில் ஊழியர் செய்ய வேண்டியது நாலு பக்கம், கம்பெனி செய்ய வேண்டியது நாலு வரி. சேதராப்பட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி காட்டிய தாளில் "கம்பெனி விருப்பப்பட்டால் எந்த நேரமும் ஸ்பான்சரை நிறுத்தலாம்" என்று இருந்தது. அப்படி நிறுத்தினால் அதுவரை கட்டிய ஃபீஸை யார் ஏற்பது என்று ஒரு வார்த்தை இல்லை. "அண்ணே, நல்லா படிச்சா ஏன் நிறுத்தப் போறாங்க?" என்று கேட்டான். ஆர்டர் குறைந்தால் நிறுத்துவார்கள், நிர்வாகம் கை மாறினால் நிறுத்துவார்கள். அவன் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

இப்படி ஒரு மெயில் போடுங்கள். பணிவாக, குறிப்பாக:

"பயிற்சி ஒப்பந்தத்தின் வரைவைப் படித்தேன். வாய்ப்புக்கு மிக்க நன்றி. கையெழுத்திடும் முன் இவற்றைச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நிர்வாகம் என்னை ஆள்குறைப்புச் செய்தாலோ, என் தவறு இல்லாமல் வேலையிலிருந்து நீக்கினாலோ, தொழிற்சாலையை மூடினாலோ இந்த ஒப்பந்தம் ரத்தாகி, நான் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஸ்பான்சரை நிர்வாகம் இடையில் நிறுத்தினால் அதுவரை ஆன செலவை என்னிடம் கேட்பதில்லை. படிப்பை முடித்த மூன்று மாதத்துக்குள் பட்டத்துக்கு ஏற்ற பதவியும் சம்பளமும் தரப்படும். வழக்கமான சம்பள உயர்வு படிப்பு, பாண்டு காலங்களில் நிறுத்தப்படாது. திருப்பித் தர வேண்டிய தொகை மாதாமாதம் சமமாகக் குறையும்."

ஐந்தையும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆள்குறைப்பு வரியையும் மாதாமாதம் குறையும் வரியையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சம்பளம் பற்றிய வரியும் முக்கியம்தான். பி.இ. முடித்த பிறகும் டிப்ளமோ சம்பளத்திலேயே மூன்று வருடம் வைத்திருந்தால், கம்பெனி கட்டிய ஃபீஸை உங்கள் சம்பளத்திலிருந்தே திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரிதான். நல்ல நிர்வாகங்கள் இதைப் புரிந்துகொள்கின்றன. படிக்க வைத்த ஆளை வளர்த்து விட்ட இடத்தில் ஆள்கள் பாண்டு முடிந்தும் தங்குகிறார்கள்.

ஆறாம் படி: கொடுக்கக் கூடாதவை

அசல் சான்றிதழ். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டாக இருந்தாலும் அசலைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் எந்தெந்தச் சான்றிதழ் என்று பெயர் போட்டு ஒரு ரசீதாவது வாங்குங்கள்.

பிளாங்க் செக். "சும்மா செக்யூரிட்டிக்குத்தான்" என்பார்கள். தொகை போடாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளைக்கு முழுத் தொகையும் எழுதி வங்கியில் போடலாம். பணமில்லாமல் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு, 2 வருடம் வரை சிறைத் தண்டனை. சிவில் வழக்கில் "இவ்வளவு செலவாகவில்லை" என்று வாதாடலாம். செக் கேஸில் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

அப்பாவையோ மாமாவையோ ஷூரிட்டி (ஜாமீன்) போடச் சொன்னால், அவர் பொறுப்பும் உங்களுடையது போலவே மாதாமாதம் குறைகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு இன்னும் 18 முடியவில்லை என்றால் நீங்கள் போடும் கையெழுத்து சட்டப்படி ஒப்பந்தமே ஆகாது. அப்போது முழுப் பொறுப்பும் ஷூரிட்டி போட்டவர் மேல் வந்து நிற்கப் பார்க்கும்.

ஏழாம் படி: படிக்கும் காலத்தில்

ஒரு ஃபைல் போடுங்கள். பாண்டின் நகல் (இரு தரப்புக் கையெழுத்தோடு), கம்பெனி கட்டிய ஒவ்வொரு ரசீது, விடுப்புக் கடிதங்கள், செமஸ்டர் மார்க். அரியர் விழுந்தால் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். அரியர் தேர்வுக் கட்டணம் யார் பொறுப்பு என்று அப்போதே தெளிவாகிவிடும். நியமனக் கடிதம் இன்னும் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அதைக் கொடுப்பது கம்பெனியின் கடமை.

எட்டாம் படி: இடையில் விலக வேண்டி வந்தால்

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். படிக்க வைத்தவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. அதோடு, நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் கைக்கு வராது. ராஜினாமா கடிதத்தில், பாண்டுப்படி கணக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வேலை பார்த்த மாதங்களைக் கழித்து வரும் தொகை நியாயமாக இருந்தால் கட்டிவிடுங்கள். பெரும்பாலும் தவணைக்கு ஒத்துக்கொள்வார்கள். சில நேரம் புதிதாகச் சேரும் கம்பெனியே அதை ஏற்றுக்கொள்ளும்.

உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. கம்பெனி கேட்கக்கூடியது பணம் மட்டும்தான். அதற்கும் ஒப்பந்தம் மீறிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

பி.எஃப். பணத்தைப் பாண்டுக்காக யாரும் பிடித்து வைக்க முடியாது. வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணுக்கான இணையக் கணக்கில் நீங்களே பதியலாம். ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. பிடித்தம் எதுவானாலும் மொத்தத்தில் சம்பளத்தின் பாதியைத் தாண்டக் கூடாது.

கம்பெனியே ஆளைக் குறைத்தால் கதை வேறு. தொழிலுறவுத் தொகுப்பின்படி ஆள்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளிக்கு இழப்பீட்டோடு, மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளமும் 45 நாளுக்குள் கணக்கில் வர வேண்டும். புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள என்றே அந்தப் பணம். கேட்டு வாங்குங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்துபோய் ஃபோனில் பேசி எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். கடலூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. புதுச்சேரிக்கும் தனி ஆணையம் உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறார்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். போகும்போது அந்த ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பாண்டு காலம் முடிந்த அன்று

அடுத்த நாளே எச்.ஆருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள்: ஒப்பந்த காலம் முடிந்தது, என் மேல் பாக்கி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்தி எழுதித் தாருங்கள். அங்கேயே தொடர்ந்து வேலை பார்ப்பதாக இருந்தாலும் இதை வாங்க வேண்டும். அசல் பாண்டைத் திரும்பக் கேளுங்கள். தேதியும் தொகையும் எழுதி ஏதாவது செக் கொடுத்திருந்தால் அதையும் திரும்ப வாங்குங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு நகலை ஷூரிட்டி போட்டவரிடம் கொடுத்து, அவர் பொறுப்பும் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.